டிரங்க் எக்ஸ்சேஞ்சுப் பெண்கள் மூவர் பார்த்த போர்க்கால இங்கிலாந்து

எங்கள் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ லண்டன் போய்வருகிறவர்கள் திரும்பி வந்து சொல்லும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: அரண்மனை வாசல், ஆற்றங்கரை ராட்டினம், மெழுகுச் சிலைகள், ஈஸ்ட்ஹாம் முருகன் கோயில். கடந்த ஜூன் மாதம் பதினெட்டு நாள் அங்கே தங்கியிருந்த நான், அந்தப் பட்டியலில் முருகன் கோயிலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு உலகப் போர்களோடும் தொடர்புடைய சில இடங்களைப் பார்த்தேன். அடுத்து போகிறவர்களுக்குப் பயன்படும் என்று அவற்றைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடன் வந்தவர்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 1980களில், வெளியூர் தொலைபேசி அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுக்கும் சென்னை டிரங்க் எக்ஸ்சேஞ்சில், காதில் ஹெட்செட்டும் கையில் கார்டு என்ற இணைப்புக் கயிறுமாக, என் இடப்பக்கமும் வலப்பக்கமும் அமர்ந்து இரவுப் பணி பார்த்த இரண்டு தோழிகள் அவர்கள். ஒருத்தி திருமணமாகி லண்டன் போய் இப்போது ஈஸ்ட்ஹாமில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். இன்னொருத்தி மில்டன் கீன்ஸ் நகரில் மகன் வீட்டில் இருக்கிறாள். மூவரும் ஒரே இடத்தில் கூடி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தபோது, "நம்மள மாதிரி பொம்பளைங்க ராத்திரி பகலா வேலை பார்த்த எடம் ஒண்ணு எங்க வீட்டுப் பக்கத்துலயே இருக்குடி" என்று மில்டன் கீன்ஸ்காரி தொலைபேசியில் சொன்னாள். இந்தப் பயணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து முளைத்ததுதான்.

முதலில் போனது வெஸ்ட்மின்ஸ்டரில், நிதித்துறைக் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் சர்ச்சில் போர் அறைகள்; இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு தரைக்கு அடியிலிருந்து போரை நடத்திய இடம். நுழைவாயில் இருக்கும் படிகளுக்குக் கிளைவ் படிகள் என்று பெயர். மேலே ராபர்ட் கிளைவின் சிலை நிற்கிறது. 1744-இல் கம்பெனியின் எழுத்தராக மதராசில் வந்து இறங்கி, 1753-இல் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தில் திருமணம் செய்துகொண்ட அதே கிளைவ்தான். பாரிமுனையில் பஸ் மாறும்போதெல்லாம் அந்தக் கோட்டையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, ஐயாயிரம் மைல் தள்ளி வந்த பிறகும் ஊர்க்கதையின் ஒரு முனை அங்கே நின்றுகொண்டிருந்தது, உள்ளே இறங்குவதற்கு முன்பே மனத்தைக் கனக்கச் செய்தது.

இந்த அறைகள் 1939 ஆகஸ்ட் 27 அன்று இயங்கத் தொடங்கின. ஒரு வாரத்தில் போர் மூண்டது. அமைச்சரவை இங்கே 115 முறை கூடியிருக்கிறது. வரைபட அறையில் இரவு பகல் என்று பாராமல் ஆள் இருந்திருக்கிறார்கள். 1945 ஆகஸ்ட் 16 அன்றுதான் ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக அதன் விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போனார்கள். அன்று விட்டுப்போனபடியே அந்த அறையைக் காத்து வைத்திருப்பதுதான் இந்த இடத்தின் பெருஞ்சிறப்பு. கப்பல் கூட்டங்களின் நகர்வைக் குறிக்கக் குத்திய குண்டூசிகள் சுவரில் உள்ள அட்லாண்டிக் வரைபடத்தில் ஆயிரக்கணக்கான துளைகளை விட்டிருக்கின்றன; சில வழித்தடங்களில் துளைகள் நெருங்கி நெருங்கி, தாளே நைந்துபோயிருக்கிறது. பங்கீட்டுக் காலத்தில் ஓர் அதிகாரி மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்திய சர்க்கரைக் கட்டிகள் பல ஆண்டுகளுக்குப் பிறகு கண்டெடுக்கப்பட்டு இன்று காட்சியில் இருக்கின்றன. தரைக்கு அடியில் வேலை பார்க்கிறவர்களுக்கு வெளியே மழையா வெயிலா என்று தெரியாது என்பதால், அதைச் சொல்ல ஒரு பலகையும் மாட்டியிருந்தார்கள்.

எங்கள் மூவரையும் நகரவிடாமல் நிறுத்தியது வேறொரு சிறிய அறை. கழிவறைக் கதவில் இருப்பது போன்ற பூட்டு போட்ட அந்த அறை, சர்ச்சிலுக்கு மட்டுமான கழிவறை என்றே அங்கிருந்த பலரும் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அது வாஷிங்டனில் இருந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டோடு பேசுவதற்கான தொலைபேசி அறை. 1943-இல் வந்த ரகசியக் குரல் மாற்றுக் கருவி ஏறத்தாழ 50 டன் எடை கொண்டது. இங்கே வைக்க இடமில்லாததால், ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் அடித்தளத்தில் அதை வைத்து, அங்கிருந்து இங்கே இணைப்பு இழுத்திருக்கிறார்கள். மதராசிலிருந்து டெல்லிக்கு லைட்னிங் கால் என்ற அவசர அழைப்பு ஒன்றைப் போட்டுக் கொடுப்பதற்குள் எத்தனை பேரின் கை மாறும் என்பதை அறிந்த நாங்கள், அந்தச் சிறு மேசைக்கு எதிரே வெகுநேரம் நின்றோம்.

வரைபட அறையில் நின்றபோது என் மனம் தேடியது வங்காள விரிகுடாவைத்தான். 1942 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானியக் கப்பற்படை கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்து மதராஸ்தான் என்று அரசாங்கமே அலுவலகங்களை உள்மாவட்டங்களுக்கு மாற்றியது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த விலங்குக் காட்சிசாலையில் ஆபத்தான விலங்குகளைச் சுட்டுக்கொன்றார்கள். என் ஆயா அப்போது கைக்குழந்தையோடு ராயபுரத்திலிருந்து பொன்னேரிப் பக்கம் மாட்டு வண்டியில் போனதை, வீட்டுச் சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டதை, சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த ஆண்டில் வங்காளத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பட்டினியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் மாண்டார்கள். தானியம் கொண்டுவரக் கப்பல் கேட்டு டெல்லியிலிருந்து போன கோரிக்கைகளை லண்டன் போர் அமைச்சரவை முழுமையாக ஏற்கவில்லை. அந்தக் குண்டூசித் துளைகளைப் பார்க்கும் நம்மவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கப்பல்கள் எங்கே போயின என்பதைப் போலவே எங்கே போகவில்லை என்பதும் அந்த வரைபடத்தின் செய்திதான்.

தேம்ஸ் ஆற்றில் டவர் பாலத்துக்கு அருகே நிறுத்தியிருக்கும் பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1938-இல் நீரில் இறக்கப்பட்டு, 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையை நோக்கிச் சுட்ட கப்பல் இது. துறைமுகம் பார்த்து வளர்ந்த வடசென்னைக்காரர்கள் இதை விட்டுவிடக் கூடாது. கொதிகலன் அறையும் எந்திர அறையும் உண்மையிலேயே வேலை நடந்த இடங்களாக இருக்கின்றன. ஆனால் ஒன்பது தளங்களுக்கும் செங்குத்தான இரும்பு ஏணிகளில்தான் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தளத்தோடு நிறைவடைவது நல்லது; நான் அப்படித்தான் செய்தேன்.

டோவர் கோட்டையைப் பற்றி எழுதும்போது வருத்தம் மேலிடுகிறது. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த சுரங்கங்களில் அமர்ந்து, 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை, துணை அட்மிரல் ராம்சே, பிரான்சின் டன்கர்க் கரையில் சிக்கிய படைகளின் மீட்பை நடத்திய இடம் அது. அந்தச் சில நாட்களில் 3,38,226 படைவீரர்கள் கடல் கடந்து மீட்கப்பட்டார்கள்; பம்பாயிலிருந்து கோவேறு கழுதைகளோடு பிரான்சுக்கு அனுப்பப்பட்டிருந்த இந்தியப் போக்குவரத்துக் கம்பெனிகளின் வீரர்களும் மீண்டவர்களில் இருந்தார்கள். இதைப் பார்ப்பதற்காகவே ஒருநாள் பேருந்துச் சுற்றுலா ஒன்றில் பதிவு செய்தோம். கோட்டை, வெண்பாறைகள், கேன்டர்பரி என்று மூன்றையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொன்ன அந்த நிறுவனம், கோட்டையில் எங்களுக்குக் கொடுத்த நேரம் ஒரு மணிக்கும் குறைவு. சுரங்கத்துக்குள் குழு குழுவாகத்தான் அனுப்புகிறார்கள். எங்கள் முறை வருவதற்குள் பேருந்து கிளம்பும் நேரம் வந்துவிட்டது. வழிகாட்டியிடம் கேட்டதற்கு, கோட்டைக்குள் நுழைவது மட்டுமே கட்டணத்தில் அடங்கும் என்று பதில் வந்தது. கட்டணத்தை விட, வாசல் வரை போய்த் திரும்பியதுதான் உறுத்துகிறது. டோவருக்கு லண்டனிலிருந்து நேரடியாக ரயில் இருக்கிறது. தனியாகப் போய் முழு நாளையும் கோட்டைக்கே கொடுங்கள். ஒரு நாளில் மூன்று ஊர் என்று எவர் சொன்னாலும், ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நிமிடம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

பிரைட்டன் நகரத்துக்கு நாங்கள் ரயிலில்தான் போனோம். லண்டனிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கே கோபுரமும் கும்மட்டமுமாக இருக்கும் அரச மாளிகை, முதல் உலகப் போரில், 1914 டிசம்பரிலிருந்து ஓராண்டுக்கு மேலாகக் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக இருந்தது. ஒன்பது தனித்தனிச் சமையற்கூடங்கள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள் என்று ஏற்பாடுகள் செய்திருக்கிறார்கள். இறந்துபோன இந்துக்களையும் சீக்கியர்களையும் நகருக்கு வெளியே பேட்சம் குன்றின் மேல் எரியூட்டினார்கள். அந்த இடத்தில் சத்ரி என்ற வெண்பளிங்கு மண்டபம் 1921 பிப்ரவரி 1 அன்று திறந்துவைக்கப்பட்டது. எட்டுத் தூண்கள், மேலே ஒரு கும்மட்டம், எதிரே சிதை மேடைகளை மூடிய கருங்கற்பலகைகள். 53 பேரின் பெயர்கள் 2010-இல் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வண்டிப் பாதை கிடையாது. புல் மேட்டில் ஆடுகளுக்கு நடுவே நடந்துதான் போக வேண்டும். நுழைவுக் கட்டணமும் இல்லை, காவலரும் இல்லை, கடையும் இல்லை. காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லாத அந்த மேட்டில், ஈஸ்ட்ஹாம் தோழி கொண்டுவந்திருந்த கற்பூரத்தை ஏற்றப் பார்த்து, காற்று விடாததால் கல்லின் மேல் அப்படியே வைத்துவிட்டு வந்தாள். சென்னைக் கடற்கரைச் சாலையில் வார் மெமோரியல் நிறுத்தத்தில் எத்தனையோ ஆயிரம் முறை பஸ் நின்று கிளம்பியிருக்கிறது. ஒருமுறைகூட இறங்கி அந்தப் பெயர்களைப் படித்ததில்லையே என்ற எண்ணம் அங்கேதான் எனக்கு வந்தது.

இனி பிளெட்ச்லி பார்க். இந்த மதிப்புரையை எழுத வேண்டும் என்று தோன்றியதே இதற்காகத்தான்.

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரயில் பிளெட்ச்லிக்குப் போய்விடுகிறது. நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ஒரு பழைய மாளிகை, முன்னால் சிறிய ஏரி, சுற்றிலும் மரக் கொட்டகைகள். ஜெர்மானியப் படைகளின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்த இடம் இது. 1945 தொடக்கத்தில் இங்கே ஏறத்தாழ 9,000 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். கணிதவியலாளர் ஆலன் டூரிங் என்ற பெயரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அவருடைய அறையையும், கற்பலகைகளை அடுக்கிச் செய்த சிலையையும் பார்க்கலாம். ஆனால் இந்த இடம் அவரோடு நின்றுவிடாமல், அட்டைகளை அடுக்கியவர்கள், செய்தி தட்டச்சு செய்தவர்கள், ஹெட்செட் மாட்டி மோர்ஸ் கேட்டவர்கள் என்று எல்லோருக்கும் இடம் கொடுத்திருக்கிறது. போலந்தின் கணிதவியலாளர்கள் ரெயெவ்ஸ்கி, ருசிட்ஸ்கி, சிகால்ஸ்கி ஆகிய மூவரும் போருக்கு முன்பே ஜெர்மானியர்களின் எனிக்மா என்ற ரகசியக் குறியீட்டுப் பொறியை உடைத்து, 1939 ஜூலையில் தங்கள் முறையைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்ததற்கு ஒரு நினைவுச்சின்னமும் வளாகத்தில் உண்டு.

ஆறாம் எண் கொட்டகைக்குள் போனதும் கண் பழகச் சற்று நேரம் பிடிக்கிறது. ஜன்னல்களை இருட்டடித்து, மங்கலான விளக்குகளை மட்டும் எரியவிட்டு, பழைய மேசை நாற்காலிகளை அப்படியே போட்டிருக்கிறார்கள். தரைப் படை, விமானப் படைச் செய்திகளை இங்கே உடைத்து, பக்கத்திலிருந்த மூன்றாம் எண் கொட்டகைக்கு மொழிபெயர்க்க அனுப்புவார்கள். இரண்டு கொட்டகைகளுக்கும் நடுவே மரத்தாலான ஒரு சிறு சுரங்கம்; காகிதங்களைத் தட்டில் வைத்து, துடைப்பக் கம்பால் தள்ளிவிடுவார்கள். ஐரோப்பாவின் தலைவிதியைச் சுமந்த காகிதங்கள் துடைப்பக் கம்பால் போய்ச் சேர்ந்தன என்பதை அறிந்தபோது, எங்கள் எக்ஸ்சேஞ்சில் அழைப்பு விவரம் எழுதிய டிக்கெட்டுகளைக் கயிற்றில் கட்டிய டப்பாவில் போட்டு அடுத்த போர்டுக்கு இழுத்துக்கொண்ட இரவுகள் மூவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன.

எனிக்மா பொறி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தட்டச்சுப் பொறி போன்ற விசைப்பலகை, மேலே சுழலும் சக்கரங்கள், முன்பக்கம் சிறு கயிறுகளைச் செருகும் பலகை. "ஏண்டி, இது நம்ம கார்டு போர்டுக்குத் தங்கச்சி மாதிரி இல்ல?" என்றாள் மில்டன் கீன்ஸ்காரி. சக்கரங்களையும் கயிறுகளையும் மாற்றி மாற்றி அமைக்கக்கூடிய முறைகளின் எண்ணிக்கை 158-ஐ எழுதி அதன் பின் 18 சுழியங்களைப் போட்டால் வரும் அளவு; அதையும் நள்ளிரவுக்கு நள்ளிரவு மாற்றிவிடுவார்கள். அதை எப்படி உடைத்தார்கள் என்பதற்கான விளக்கம் பள்ளிப்பிள்ளைக்கும் புரியும்படி தரப்பட்டிருக்கிறது. எனிக்மாவில் ஓர் எழுத்து வேறு எந்த எழுத்தாகவும் மாறலாம், ஆனால் தானாகவே மட்டும் மாறாது. வானிலை அறிக்கை போன்ற செய்திகளில் தவறாமல் வரும் சொல் ஒன்றை ஊகித்து, ரகசிய எழுத்துகளின் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே போனால், மேலும் கீழும் ஒரே எழுத்து நேர்படும் இடங்களையெல்லாம் தள்ளிவிடலாம். மீதமிருக்கும் இடங்களை டூரிங்கும் இன்னொரு கணிதவியலாளரான வெல்ச்மனும் வடிவமைத்த பாம் என்ற பொறியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அத்தகைய முதல் பொறி 1940 மார்ச்சில் வந்தது.

அந்தப் பொறிகளைப் போருக்குப் பின் பிரித்துப்போட்டுவிட்டார்கள். ஓடக்கூடிய ஒரு மறுவடிவத்தை, அதே வளாகத்தில் இருக்கும் தேசிய கணினி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதற்குத் தனிக் கட்டணம், தனி நேரம், செயல்விளக்கத்துக்கும் குறிப்பிட்ட நாட்கள் உண்டு என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன அன்று விளக்கம் இருந்தது. முன்பக்கம் 108 வண்ண உருளைகள். பின்பக்கம் சடை சடையாகத் தொங்கும் சிவப்புக் கேபிள்கள். கடற்படைப் பெண்கள் எட்டு மணி நேர ஷிப்டில் நின்றபடியே, கொடுக்கப்பட்ட வரைபடத்தைப் பார்த்துப் பின்பக்கம் பிளக்குகளைச் செருகி, முன்பக்கம் உருளைகளை அமைத்து ஓடவிடுவார்கள். பொறி கடகடவென்று ஓடித் திடீரென்று நிற்கும். நின்ற இடத்தைக் குறித்துத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். எந்தச் செய்தி உடைந்தது, அதனால் யார் பிழைத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அடுத்த அறையில், அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு அனுபவத்தைக் கொண்டு உருவாக்கிய கொலாசஸ் கணினியின் மறுவடிவமும் ஓடுகிறது. 1944 ஜனவரியில் பிளெட்ச்லிக்கு வந்த அது, காகித நாடாவை நொடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் படித்தது. தொலைபேசித் துறைக்காரர் ஒருவர் கணினியின் முன்னோடியாக இருந்தார் என்பதை, முப்பத்தாறு ஆண்டுகள் அந்தத் துறையில் இருந்த நான் அறுபத்தேழு வயதில் தெரிந்துகொண்டேன்.

இங்கே வேலை பார்த்தவர்கள் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டு, 1970களின் நடுப்பகுதி வரை கணவன் மனைவிக்குள்ளும் வாய் திறவாமல் இருந்திருக்கிறார்கள். நாங்களும் பணியில் சேர்ந்த அன்று அப்படி ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டவர்கள். இணைப்பு சரியாக விழுந்ததா என்று கேட்கும் நொடிகளில் காதில் விழுந்த இழவுச் செய்திகளையும் திருமணப் பேச்சுகளையும் மூவரும் இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை. ஏரிக்கரைப் புல்வெளியில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தபோதும் சொல்லிக்கொள்ளவில்லை.

சில நடைமுறைக் குறிப்புகள். சர்ச்சில் போர் அறைகளுக்கு நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். உள்ளே வழிகள் குறுகலானவை, ஆகவே காலை முதல் நேரமே வசதி. பிரைட்டன் சத்ரிக்குத் தண்ணீரும் நல்ல காலணியும் தேவை, மழை பெய்திருந்தால் தள்ளிப்போடுங்கள். பிளெட்ச்லிக்கு ஒரு நாள் போதாது. காலையில் கொட்டகைகள், மறுநாள் கணினி அருங்காட்சியகம் என்று பிரித்துக்கொள்வதே சரி. லண்டனில் இரண்டே நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்கள் இரண்டையும் பிளெட்ச்லிக்குக் கொடுத்தாலும் நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

பிளெட்ச்லி பார்க் நுழைவுச்சீட்டு வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும், எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். என் சீட்டை மில்டன் கீன்ஸ்காரி தன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டி வைத்திருக்கிறாள். நான்காம் எண் கொட்டகையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.